சீல் மாற்றியும் நிற்காத ஆயில்: ஒரு மவுண்டன் பைக் ஃபோர்க்கின் ஆறு மாதங்கள்

முன் ஃபோர்க்கில் ஆயில் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று சீலை மாற்றிவிடுவோம். பல நேரம் அது சரியான வைத்தியம்தான். இந்த வண்டியிலும் முதல் தடவை அது சரியாகவே இருந்தது, சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சீல் மாற்றிய பிறகு மறுபடி ஆயில் வந்ததும் எல்லோரும் "பழைய லீக் நிற்கவில்லை" என்றே பேசினோம். ஆனால் அது வேறு லீக், வேறு காலில், வேறு காரணத்தால் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இதே குழப்பத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பின்னணி

வண்டி கோவையில் இருக்கும் ஒரு நண்பருடையது. நாற்பதைத் தாண்டியவர், எடை 74 கிலோ. வாரநாட்களில் காலையில் தார் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுவார், மாதத்தில் ஓரிரு ஞாயிறு வண்டியைக் காரில் கட்டிக்கொண்டு கோத்தகிரி போய்த் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மண் பாதைகளில் இறங்குவார். சைக்கிள் ஹார்ட்டெயில், பின்னால் ஷாக் கிடையாது. முன்னால் 130 மி.மீ. இறங்கும் ஏர் ஃபோர்க், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று. இரண்டு வருடம் முன்பு பழைய வண்டியாக வாங்கினார், வாங்கியதிலிருந்து ஃபோர்க்கைத் திறந்ததே இல்லை.

ஃபோர்க்குக்குள் என்ன இருக்கிறது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. மேலே பளபளவென்று தெரியும் இரண்டு குழாய்கள், அவை நுழைந்து ஏறி இறங்கும் கீழ்க் கால்கள். இந்த ஃபோர்க்கில் இடது குழாய்க்குள் காற்று, வலது குழாய்க்குள் டேம்பர், அதாவது ஏறி இறங்கும் வேகத்தை ஆயிலால் கட்டுப்படுத்தும் பாகம். காற்று அறையின் அடியில் சீல் தலை என்கிற ஒரு மூடி இருக்கும், அதன் நடுவே ஒரு மெல்லிய அலுமினிய ராடு வெளியே வந்து கீழ்க் காலின் அடிப் போல்ட்டோடு சேரும். டேம்பர் ஆயில் தனியாக அடைபட்டது. இதெல்லாம் போகக் கீழ்க் கால்களுக்குள் ஒரு பக்கத்துக்குப் பத்து மி.லி. அளவில் கொஞ்சம் ஆயில் கிடக்கும். அதற்கு வேலை குழாய் உரசி ஏறி இறங்கும் புஷ்ஷையும், கீழ்க் காலின் வாயில் குழாயைச் சுற்றி உட்காரும் வைப்பர் சீலுக்குக் கீழே இருக்கும் ஃபோம் வளையத்தையும் நனைத்து வைப்பது மட்டும்தான். ஆக, ஒன்றோடொன்று கலக்கக் கூடாத மூன்று அறைகள். நாம் "லீக்" என்று சொல்வது இந்த மூன்றில் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கேட்காத வரை பதில் கிடைக்காது.

பராமரிப்பு இடைவெளியைப் பொறுத்தவரை, ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனம் தன் பெரும்பாலான ஃபோர்க்குகளுக்குக் கீழ்க் கால் சர்வீஸுக்கு 50 மணி நேரம், முழு சர்வீஸுக்கு 200 மணி நேரம் என்று சொல்கிறது. இன்னொரு நிறுவனமான ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. நண்பரின் வண்டி என் கணக்குப்படி அதற்குள் குறைந்தது முந்நூறு மணி நேரம் ஓடியிருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு: சேறான ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் வரும் வழியிலேயே பைக்குகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் நிறுத்தி, கன் வைத்து அடித்துக் கழுவி வருவார். ஃபோர்க் பளபளவென்று இருக்கும். அந்த வேகத்தில் வரும் தண்ணீர் வைப்பர் சீலின் உதட்டைத் தூக்கி உள்ளே போகும், போகும்போது மண்ணையும் கூட்டிப்போகும்.

முதல் கசிவு, ஆகஸ்ட்

வலது குழாயில், சீலுக்குச் சற்று மேலே, கறுப்பான ஒரு ஆயில் வளையம். துடைத்தால் அடுத்த ரைடில் மறுபடி வரும். மெல்லிய ஆயில் படலம் இருப்பது தவறில்லை, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் இது துணியில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியான, மண் கலந்த வளையம், கீழ்க் காலின் வெளிப்பக்கத்தில் வழிந்தும் இருந்தது. நண்பர் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தார். அந்தப் படம் பிறகு பெரிய உதவி செய்தது.

அவர் வழக்கமாகப் போகும் கடையில் காட்டினார். அந்த மெக்கானிக் தம்பிக்கு மோட்டார் பைக் ஃபோர்க்கில் நல்ல பழக்கம், சைக்கிள் ஏர் ஃபோர்க் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் வைப்பர் சீல், ஃபோம் வளையம், அடிப் போல்ட்டின் கிரஷ் வாஷர் (இறுக்கும்போது நசுங்கி அடைக்கும் வாஷர்) எல்லாம் புதிதாகப் போட்டார். வலது பக்கக் கசிவு நின்றது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: அந்த வேலை சரியான வேலை. பிறகு நான் பிரித்தபோது சீல்கள் நேராக உட்கார்ந்திருந்தன, வெளி உதட்டைச் சுற்றும் சின்ன ஸ்பிரிங் அதன் பள்ளத்தில் இருந்தது, ஃபோம் ஊறியிருந்தது. முதன்முறை செய்கிற பலருக்கு இந்த மூன்றில் ஒன்றாவது தவறும்.

இரண்டாவது கசிவு, அக்டோபர்

சீல் மாற்றியபின் மூன்றாவது கோத்தகிரி ரைடுக்குப் பிறகு மறுபடி ஆயில். கூடவே அடிப் போல்ட்டைச் சுற்றியும் ஈரம். நண்பர் போல்ட்டைக் கையில் இருந்த நீள ஆலன் கீயால் இறுக்கினார். அந்த போல்ட்டுக்குச் சுமார் 7 நியூட்டன் மீட்டர் போதும், அவர் இறுக்கியது அதைவிடக் கூடுதல்தான். ஈரம் சில நாள் குறைந்தது, பிறகு வந்தது. கடையில் கேட்டதற்கு, "சீல் புதுசுதாங்க அண்ணா, செட் ஆக நாலு ரைடு ஆகும்" என்று பதில் வந்தது. அடுத்து நண்பர் சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கிக் குழாயில் அடித்தார். குழாய் வழுக்கலாகத் தெரிந்தது, கசிவு அப்படியே.

இதற்கிடையில் ஃபோர்க் ஓட்டத்திலும் மாற்றம். இறங்கும் தொடக்கத்தில் மிருதுவாக இருக்கிறது, பள்ளத்தில் விழுந்தால் நடுவழியில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகிறது, முழுதாக இறங்கவே மாட்டேன் என்கிறது. அவருக்குத் தோன்றிய தீர்வு காற்றைக் குறைப்பது. 80 பிஎஸ்ஐ இருந்ததை 70, அப்புறம் 65 என்று இறக்கினார். இப்போது பிரேக் பிடித்தால் முன்பக்கம் கவிழ ஆரம்பித்தது, ஆனால் ஆழத்தில் அதே சுவர் இருந்தது. மலையில் குளிர் அதிகம், அதனால் ஆயில் கெட்டியாகியிருக்கும் என்று ஒருவர் சொல்ல அதையும் கொஞ்ச நாள் நம்பினார்.

நவம்பர் கடைசியில் என்னிடம் வந்தது. "ரெண்டு தடவை பணம் செலவு பண்ணியாச்சு, இன்னும் அதே லீக்" என்றார்.

படத்தில் தெரிந்தது

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டு ஆகஸ்ட் படத்தைக் காட்டச் சொன்னேன். படத்தில் ஆயில் டிஸ்க் பிரேக் காலிபர் இல்லாத பக்கத்தில் இருந்தது. எதிரே நிற்கும் வண்டியில் ஆயில் காலிபர் இருக்கும் பக்கத்தில். முன் காலிபர் இடது காலில்தான் இருக்கும். ஆக முதல் கசிவு வலதில், இப்போதையது இடதில். அவரும் பார்த்தார், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதே லீக்" என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது அதே லீக் இல்லை.

இந்த இடத்தில்தான் என் எண்ணமும் மாறியது. அதுவரை இடது சீலைச் சாய்வாக அடித்து இறக்கியிருப்பார்கள் என்று நினைத்து இன்னொரு சீல் கிட் வாங்கச் சொல்ல இருந்தேன். வாங்கியிருந்தால் மூன்றாவது தடவையும் வீண்.

பிரிப்பதற்கு முன் அளந்தவை

முதலில் காற்று. ஷாக் பம்ப் வைத்து அளப்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பம்ப்பைத் திருகும்போது ஃபோர்க்கின் காற்று பம்ப்பின் குழாயை நிரப்பும், அதனால் காட்டும் எண் உண்மையில் இருந்ததைவிடக் குறைவு. கழற்றும்போது வரும் "உஸ்" சத்தம் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கினுடையது அல்ல. இதைத் தெரியாமல் தினமும் அளந்தால் தினமும் லீக் ஆகிறது என்றே தோன்றும். அதனால் முதலில் 80 வைத்து, கழற்றி, உடனே மறுபடி மாட்டினேன். 74 காட்டியது. அந்த 6 பிஎஸ்ஐ அளப்பதில் போவது. மறுபடி 80 ஆக்கிக் கொடுத்து, ஒரு வாரம் தார் ரோட்டில் மட்டும் ஓட்டச் சொன்னேன். வந்ததும் அளந்தால் 71. மறுபடி 80 வைத்து ஞாயிறு கோத்தகிரி, மாலை கோவை திரும்பி வண்டி வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு அளந்தது 58.

குளிர் வாதத்தை இதிலேயே முடித்துவிடலாம். 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குப் போனால் 80 பிஎஸ்ஐ சுமார் 75 ஆகும், திரும்ப இறங்கினால் பழையபடி ஏறிவிடும். அதே சூட்டில் அளந்து 16 பிஎஸ்ஐ குறைந்ததற்குக் குளிர் பதில் ஆகாது. தார் ரோட்டில் 3, மலைப் பாதையில் 16 என்ற வித்தியாசம்தான் முக்கியம். நிற்கும்போது போகாத காற்று ஆழமாக இறங்கும்போது போகிறது.

எங்கே போகிறது? வால்வில் சோப்புத் தண்ணீர் வைத்தோம், குமிழி இல்லை. மேல் மூடியைச் சுற்றியும் இல்லை. வெளியே போகவில்லை என்றால் உள்ளே போகிறது.

வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான சிப் டை ஒன்றை எடுத்து, முனையின் கூரான ஓரத்தை வாட்டர் பேப்பரில் தேய்த்து மழுக்கி, துளி ஆயில் தடவி, இடது குழாய்க்கும் வைப்பர் சீலுக்கும் நடுவே மெல்ல நுழைத்தேன். ஒரு சென்டிமீட்டர் போயிருக்கும். நீளமாக ஒரு சீறல் வந்தது, கூடவே சாம்பல் நிற ஆயில் நுரையாகப் பொங்கிக் குழாயில் வழிந்து என் விரலை நனைத்தது. வலது பக்கம் அதே மாதிரி செய்தேன், சத்தமே இல்லை. சீறல் அடங்கியதும் நண்பரை ஏறி நின்று அமுக்கச் சொன்னேன். சுவர் காணாமல் போயிருந்தது. ஃபோர்க் எவ்வளவு இறங்கியது என்று காட்டக் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் அதற்கு முந்தைய ரைடில் 98 மி.மீ. இல் நின்றது, இப்போது வெறுமனே உடம்பு எடையைப் போட்டுக் குதித்ததற்கே அதைத் தாண்டியது.

அதாவது காற்று அறையிலிருந்து கீழ்க் காலுக்குள் காற்று இறங்கி, அங்கே அடைபட்டு இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்திருக்கிறது. ஃபோர்க் இறங்கும்போது அந்தக் காற்று இன்னும் அழுந்தி, போகிற வழி தேடி, தன் முன்னால் இருந்த ஆயிலை வைப்பர் சீல் வழியாகவும் அடிப் போல்ட் வழியாகவும் தள்ளியிருக்கிறது. வைப்பர் சீல் வெளியிலிருந்து வரும் மண்ணைத் தடுக்கவும் உள்ளே கொஞ்சம் ஆயிலை நிறுத்தவும் செய்யப்பட்டது, உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது அல்ல. புதுச் சீலாக இருந்தாலும் வழிவிடத்தான் செய்யும்.

கோத்தகிரியில் மட்டும் அதிகம் தெரிந்ததற்கு உயரமும் ஒரு சின்னக் காரணம். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், கோத்தகிரி 1,793 மீட்டர். மேலே போகும்போது வெளிக் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும், கோவையில் கீழ்க் காலுக்குள் அடைபட்ட காற்று அந்த அளவுக்கு வெளியே தள்ளும். நல்ல நிலையில் இருக்கும் ஃபோர்க்கிலும் இது நடக்கும், மலைக்குப் போனதும் ஒரு தடவை சிப் டை வைத்து அந்தக் காற்றை வெளியே விடுவது பலருக்கும் பழக்கம். சில புதிய ஃபோர்க்குகளில் அதற்கென்றே கீழ்க் காலின் பின்னால் பட்டன் இருக்கிறது, ஃபாக்ஸ் 36, 38 ஆகியவற்றின் 2021 மாடலில் வந்தது அது. ஆனால் இங்கே பார்த்தது வெறும் 2 பிஎஸ்ஐயின் வேலை இல்லை.

பிரித்த நாள்

டிசம்பர் முதல் வாரம். பிரிக்கும் முன் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு, இடது பக்கம் என்ன செய்தீர்கள் என்று ஒரு தடவை நிதானமாகச் சொல்லச் சொன்னேன். குற்றம் சொல்வதற்காக இல்லை என்பதையும் சொன்னேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "காத்த எறக்கிட்டுத்தாங்க அண்ணா கழட்டுனேன். ஆனா அந்த ராடு உள்ளயே இழுத்துட்டு போயிருச்சுங்க, அடியில ஓட்டைக்கு எட்டவே இல்ல. பிளையர்ல துணி சுத்திப் புடிச்சு இழுத்துத்தான் மாட்டுனேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. காற்று அறையில் பிஸ்டனுக்கு மேலே ஒரு அறை, கீழே நெகட்டிவ் என்கிற சின்ன அறை. வால்வை வேகமாக அமுக்கினால் மேலே உள்ளது போய்விடும், கீழே உள்ளது மாட்டிக்கொண்டு ராடை உள்ளே இழுக்கும். ராடு உள்ளே போகிறது என்றால் நெகட்டிவ் அறையில் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு நாங்கள் செய்தது: மறுபடி கொஞ்சம் காற்று ஏற்றி, ஃபோர்க்கை நான்கைந்து தடவை மெதுவாக அமுக்கி இழுத்து, இரண்டு அறையும் சமமானதும் வால்வைத் துளித்துளியாகத் திறந்தோம். ஃபோர்க் முழு உயரத்திலேயே நின்றது. பிறகு அடிப் போல்ட்களை மூன்று சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, தட்டுக்கு மேலே ஆயிலை வடித்து சிரிஞ்சில் அளந்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்றியதாகத் தம்பி சொன்னார். வலதில் 9 மி.லி. வந்தது, தெளிவாக. இடதில் 3 மி.லி., சாம்பல் நிறத்தில். வலதில் அதிகமாக வந்திருந்தாலோ டேம்பர் ஆயிலின் நிறம் கலந்திருந்தாலோ டேம்பரும் உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். அது இல்லை என்பது நிம்மதி.

கீழ்க் கால்களை உருவினோம். ராடைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பஞ்சைக் கொஞ்சமாகப் பிய்த்து ராடின் மேல் மெல்ல இழுத்தேன். அடி முனையிலிருந்து நான்கு சென்டிமீட்டர் மேலே பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றது. நகத்தை வைத்தால் இரண்டு இடத்தில் தடுக்கியது, எதிரெதிராக, பிளையரின் இரண்டு தாடைக்கும் பல்லுக்குப் பல் சரியாக. துணி சுற்றியிருந்தும் பல் இறங்கியிருக்கிறது, அலுமினியம் அவ்வளவு மென்மை. கறுப்பு அனோடைசிங் (அலுமினியத்தின் கடினமான மேற்படலம்) கிழிந்து வெள்ளைப் புள்ளிகளாக இருந்தது, ஓரத்தில் பிசிறு.

ராடின் அடிப்பகுதி என்பதால்தான் தார் ரோட்டில் தப்பித்தது. சாதாரண ஓட்டத்தில் சீல் தலை அந்த இடம் வரை இறங்காது, பெரிய அடியில்தான் இறங்கும், இறங்கும் ஒவ்வொரு தடவையும் பிசிறு சீல் தலைக்குள் ராடைச் சுற்றி அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்கைச் சீவும். உறுதி செய்ய 20 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, சீல் தலையில் சோப்புத் தண்ணீர் தடவினோம். ராடு வெளியே வரும் இடத்தில் ஒரே ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் உள் ஊசியையும் கழற்றிய பிறகுதான் சீல் தலையைப் பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையத்தைத் தொட்டோம். இதில் அவசரம் கூடாது. உள்ளே காற்று இருக்கும்போது சர்க்ளிப்பைக் கழற்றினால் சீல் தலையும் ராடும் சேர்ந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். ஓ-ரிங்கின் உள் ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு ரப்பர் செதுக்கிப் போயிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சரியான வழி ராடு உள்ள ஏர் ஸ்பிரிங் தொகுதியையே மாற்றுவது. விசாரித்ததில் வந்துசேர ஏழெட்டு வாரம் ஆகும் என்றார்கள். ஆர்டர் போட்டோம். அதுவரை வண்டியை நிறுத்தி வைப்பதா, பிசிறை மட்டும் எடுத்து ஓட்டுவதா என்று பேசினோம். ராடில் ஆழமான வெட்டு இல்லை, வளைவு இல்லை, ஆகப் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லை, மோசமானால் காற்று இறங்கும், அவ்வளவுதான். அதனால் ஓட்டுவது என்று முடிவு, ஒரு நிபந்தனையோடு: மலை ரைடு முடிந்து அளக்கும்போது 68 க்குக் கீழே வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்தது நல்லது, இல்லையென்றால் "இன்னும் ஒரு ரைடு" என்று தள்ளிக்கொண்டே போயிருப்போம்.

பிசிறை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆயில் நனைத்து, ராடைச் சுற்றி மட்டும் தேய்த்தோம். எழும்பி நிற்பது போனால் போதும், பள்ளத்தை மறைக்கப் பார்க்கக் கூடாது, மறைக்கப் போனால் அந்த இடம் மெலிந்து ஓ-ரிங் பிடி விட்டுவிடும். பஞ்சு மாட்டாமல் வழுக்கியதும் நிறுத்தினோம். ஓ-ரிங்குகள் எல்லாம் புதிது.

தம்பி ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் எடுத்து வந்தார், மோட்டார் பைக் கடையில் எல்லாம் அதில்தான் கழுவுவார்கள். வேண்டாம் என்றேன், பெட்ரோல் ரப்பரையும் ஃபோமையும் ஊதவைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். கிரீஸ் சஸ்பென்ஷனுக்கென்று வருவது மட்டும், அதுவும் மெல்லிய பூச்சு. நிறையத் தடவினால் நல்லது என்று நினைப்போம், ஆனால் இரண்டு அறையும் சமமாவதற்குக் குழாய்ச் சுவரில் ஒரு சின்னக் குழிவு இருக்கிறது, கிரீஸ் போய் அதை அடைத்துவிட்டால் நெகட்டிவ் அறை நிரம்பாது.

வைப்பர் சீலை மாற்றவில்லை. அவை நன்றாக இருந்தன. நண்பருக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை, "திறந்தது திறந்தாச்சு, மாத்திடலாமே" என்றார். நல்ல சீலைக் கழற்றுவதில் கீழ்க் காலின் விளிம்பில் கீறல் விழ வாய்ப்பு உண்டு, அது புதிய கசிவு. ஃபோமை மட்டும் கழுவி ஆயிலில் ஊறவைத்துத் திரும்பப் போட்டோம். டேம்பரைத் தொடவில்லை. கிரஷ் வாஷர் இரண்டும் புதிது, ஏனென்றால் இடது பக்கத்தது காகிதம் மாதிரி நசுங்கியிருந்தது.

பின்னர் நடந்தது

பொருத்தி 80 வைத்து ஒரு வாரம் தார் ரோடு, 73. அளப்பதிலேயே 6 போகும் என்பதால் இழப்பு ஒன்றே ஒன்று. டிசம்பர் கடைசியில் கோத்தகிரி, 72. ரப்பர் வளையம் 121 மி.மீ. இல் நின்றது, 80 பிஎஸ்ஐயிலேயே. குழாயில் துடைத்தால் துணியில் மெல்லிய கறை மட்டும். சிப் டை வைத்ததில் உயரத்தால் வரும் லேசான "ப்ஸ்" தவிர ஒன்றும் இல்லை.

ஜனவரி முழுதும் 71, 72 என்றே போனது. பிப்ரவரி முதல் ஞாயிறு 66. நிபந்தனைப்படி வண்டி நின்றது. திறந்து பார்த்ததில் ஓ-ரிங் வெட்டுப்படவில்லை, ஆனால் அனோடைசிங் போன இடம் தேய்த்துத் தேய்த்து ஒரு மங்கலான கோடு விழுந்திருந்தது. பிசிறு எடுத்தது தற்காலிகம்தான் என்று தெரிந்தே செய்தோம், ஆனாலும் இரண்டு மாதம்தான் தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஒரு வருடம் போகும் என்று நினைத்திருந்தேன். புதிய தொகுதி அந்த மாதம் மூன்றாம் வாரம் வந்தது, மாற்றினோம். அதற்குப் பிறகு நான்கு மலை ரைடு, எல்லாம் 73.

மாற்றிக்கொண்டவை

நண்பர் வாட்டர் சர்வீஸை விட்டுவிட்டார். வாளித் தண்ணீரும் துணியும், சீலின் மேல் நேராக ஊற்றுவதும் இல்லை. வண்டியைக் கழுவி வைக்கும் சுவரில் ஒரு தாள் ஒட்டி மணிக்கணக்கு எழுதுகிறார், 50 வந்தால் கீழ்க் கால் சர்வீஸ். சிலிக்கான் ஸ்ப்ரே அலமாரியில் இருக்கிறது, ஃபோர்க் பக்கம் வருவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பம்ப், சோப்பு, சிப் டை என்று இரண்டு வாரம் அளந்துகொண்டிருந்தேன், மெக்கானிக்கிடம் "என்ன செய்தீர்கள்" என்று கேட்டது கடைசியில். அளந்ததில் வருத்தமில்லை, அது இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் முதல் நாளே மரியாதையாகக் கேட்டிருந்தால் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்திருக்கும். வேலை செய்த கைக்குத் தெரிந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. இனி என்னிடம் வரும் எந்த வண்டிக்கும் முதல் கேள்வி கடைசியாக யார் திறந்தார், எங்கே சிரமப்பட்டார் என்பதுதான். அடுத்தது, கசிவு எந்தக் காலில் என்று காலிபர் தெரியும்படி ஒரு படம்.

மெக்கானிக் தம்பி கடைசி வரை கூட இருந்தார், புதிய தொகுதியை மாட்டியதும் அவர்தான். ராடு உள்ளே போனால் என்ன செய்வது என்று கேட்டார். முதலில் காற்றை ஏற்றிச் சமப்படுத்து, அப்படியும் எட்டவில்லை என்றால் அடிப் போல்ட்டையே ராடின் முனையில் நாலு சுற்று திருகி, அந்தப் போல்ட்டைப் பிடித்து இழு, ராடில் எதுவும் படவேண்டாம் என்று காட்டினேன். இரண்டு தடவை அவரே செய்து பார்த்தார். இப்போது அவர் கடையில் ஃபோர்க் வேலைக்கென்று தனியாக ஒரு டப்பா இருக்கிறது, அதற்குள் சிரிஞ்ச், பஞ்சு, மழுக்கிய சிப் டை, நீளமான பழைய அடிப் போல்ட் ஒன்று. பிளையர் அந்த டப்பாவில் இல்லை.